முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

நம் ஜெபக் குழுவில் போன வாரம் நான் கேட்ட ஒரு கேள்விக்காக எல்லோரும் என்மீது பாய்ந்தீர்கள். பாயுங்கள். அறுபதைத் தாண்டிய நமக்கு வாட்ஸ்அப்பை விட்டால் பாய்வதற்கு வேறு இடம் ஏது, முட்டிதான் விடுமா? ஒரு சகோதரி, தன் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடப்பதற்கு முந்தின நாளே, "பூரண சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம்" என்று போட்டிருந்தார். கூப்பிய கைகளாக வந்து கொட்டின. நான் மட்டும், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "வயசாக ஆக இவளுக்கு விசுவாசம் குறையுது" என்று எழுதினாள் ஒருத்தி. ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவள்.

விசுவாசம் குறையவில்லை. எனக்குப் பத்து வயதில், இதே வார்த்தையை நானும் முந்திக்கொண்டு எழுதினேன். அதனால் என் அம்மா செத்திருப்பாள். உங்களில் ஒருவரிடமும் இதை இதுவரை சொன்னதில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன், நீங்கள்தான் கிளறிவிட்டீர்கள். நீளமாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். சந்துக்குள் ஒரு சைக்கிள் வந்தால் எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். அப்பாவுக்குத் துணி மில்லில் வேலை. வேலை முடிந்து வரும்போது அவர் புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டபிறகுதான் எங்கள் அப்பாவின் முகம் வெளியே வரும். அந்த வருஷம் மழை பிடித்த மாதங்களில் அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டாள். கையைத் தூக்கினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துப் போயிற்று. மூலையில் ஒரு வாளியில் துணிகள் ஊறிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் போகாதே என்று என்னை விரட்டுவார்கள். பிறகு ஒருநாள் அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்யவேண்டும், உடம்பில் ரத்தம் போதாது. இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிறகு தெரிந்த விஷயங்கள். பெரியவர்கள் எனக்குத் தெரியக்கூடாததைத் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எங்கள் பூர்வீகம் வடாற்காடு, அங்கே தெலுங்கும் பழக்கம். கன்னடத்தில் பேசினால் எனக்குப் புரிந்துவிடும், நான் படித்ததே கன்னடப் பள்ளிக்கூடத்தில். குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்து மறைத்தார்கள். இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது. பாதி தெரிந்த குழந்தை மீதியைத் தானே கட்டிக்கொள்ளும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவுக்கு அக்கா. அவள் கணவர் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். கல் தூசி நெஞ்சில் இறங்கி, மூன்று வருஷம் மருந்தும் ஊசியுமாகக் கிடந்து செத்துப்போனார். அதன் பிறகு அத்தைக்கு மருந்தின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. மருந்து தொடாத ஒரு சபையில் சேர்ந்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். தலைவலிக்குத் தைலம்கூடத் தடவமாட்டாள். மூக்குக் கண்ணாடி மருந்தில் சேர்த்தியா இல்லையா என்பதை அவள் சபை முடிவு செய்யவில்லையோ என்னவோ, கண் மங்கியும் கண்ணாடி போடவில்லை.

அதனால் எனக்கு ஒரு லாபம் உண்டாயிற்று. அப்பா ஷிஃப்டுக்குப் போனபிறகு மத்தியானங்களில் அத்தை எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு வேதம் வாசித்துக் காட்டவும், தங்கவயல் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் எழுத்தின்மேல்தான் நான் எழுதிப் பழகினேன். சாய்வு, சுழி எல்லாம் அச்சாக அவளுடையதே வந்துவிட்டது. அப்பாவுக்கோ சர்ச்சில் இருந்தவர்களுக்கோ இது தெரியாது. கன்னடப் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குத் தமிழில் எழுத எப்படி வரும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

அத்தை ஜெபம் செய்கிற விதம் வேறு. எங்கள் சர்ச்சில், "கொடும் ஆண்டவரே" என்று கேட்பார்கள். அத்தை எதைக் கேட்டாலும் அது கைக்கு வந்துவிட்டதுபோலவே நன்றி சொல்லிவிடுவாள். அரிசிப் பானை காலியாக இருக்கும், அவள் அரிசிக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பாள். சாயங்காலத்துக்குள் எப்படியோ அரிசி வரும். அப்பா வாங்கி வந்த அரிசிதான். ஆனால் எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

எங்கள் சர்ச் வாசலில் சுவரோடு ஒரு மரப்பெட்டி இருந்தது, உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பக்கத்திலேயே இரண்டு கட்டுச் சீட்டுகள். விண்ணப்பம் எழுத வெள்ளைச் சீட்டு, நன்றி சொல்ல மஞ்சள் சீட்டு. வாரத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஞாயிறு ஆராதனையில் சர்ச் செக்ரெட்டரி எடுத்து வாசிப்பார். வெள்ளைச் சீட்டில் இருக்கிறவர்களின் பெயர் ஒவ்வொரு வாரமும் திரும்பத் திரும்ப வரும். மஞ்சள் சீட்டு வந்துவிட்டால் அந்தப் பெயரை வெள்ளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதுதான் எங்கள் முறை. அம்மாவின் பெயர் ஆறு வாரமாக வெள்ளைச் சீட்டில் வாசிக்கப்பட்டது. வாசிக்கும்போதெல்லாம் முன்வரிசைப் பெண்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி போன தடவை எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொடுத்தவர். நான் அவருக்காக என் பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். போய்ப் பார்த்தால் கட்டில்மேல் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. இரும்புச் சட்டம் மட்டும் டெட்டால் வாசனையோடு நின்றது.

"அந்த ஆன்ட்டி எங்கேம்மா?"

"ஆபரேஷனுக்குப் போனாங்க."

"எப்ப வருவாங்க?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா அவசரமாக, "ஊருக்குப் போயிட்டாங்க, வா, கஞ்சித் தூக்குச் சட்டிய எடு" என்றார். இரண்டு பதில். அவரும் அம்மாவும் கொஞ்சம் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம். ஆபரேஷன் என்றால் என்ன என்று அந்தச் சுருட்டின மெத்தை எனக்குச் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்கு ஓடினேன். மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தேன். கயிற்றில் தொங்கிய பென்சிலால், செக்ரெட்டரி வழக்கமாக வாசிக்கிற பாணியிலேயே அம்மாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே, "ஆபரேஷன் இல்லாமலே பூரண சுகம் தந்ததற்காக ஸ்தோத்திரம். குடும்பத்தார்" என்று எழுதிப் பெட்டிக்குள் தள்ளினேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அத்தை அரிசிக்குச் செய்வதை நான் அம்மாவுக்குச் செய்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தை அவள் சபைக்குப் போய்விட்டாள். நான் தனியாக எங்கள் சர்ச்சுக்குப் போனேன். செக்ரெட்டரி வெள்ளைச் சீட்டுகளையெல்லாம் வாசித்தார். அம்மாவின் பெயர் வரவில்லை. பிறகு மஞ்சள் சீட்டை எடுத்துக் குரலை உயர்த்தி வாசித்தார். சபை முழுதும் ஒரே சத்தமாக, "ஸ்தோத்திரம்" என்றது. எங்கள் சபையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கிறிஸ்துமஸ் அன்றுகூடக் கேட்டதில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாலிபர் சங்கத்து அண்ணன் என்னை நிறுத்தினார். அப்பாவோடு அதே மில்லில் வேலை செய்கிறவர், நெட்டையாக இருப்பார்.

"பாப்பா, அம்மாவுக்கு நெஜமாவே சுகமாயிடுச்சா?"

"ஆமாண்ணா."

"ஆபரேஷனே இல்லியா?"

"இல்லண்ணா."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அப்போ நாளைக்கு நாங்க நாலு பேரும் வர வேணாம்ல?"

எதற்கு வருவதாக இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெலுங்கில் பேசப்பட்ட விஷயம். எதுக்குண்ணா என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், சந்தேகப்பட்டால் அம்மாவுக்குக் கிடைத்த சுகம் போய்விடும் என்று நினைத்தேன்.

"வேணாம்ணா."

"சரி கண்ணு. அப்போ நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கே போயிடறேன். மத்தப் பசங்ககிட்டயும் சொல்லிடறேன்."

அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வது? ஆறு வாரத்தில் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். "கோயில்ல இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று அத்தை கேட்டாள். "ஒண்ணுமில்ல அத்த" என்றேன். நாளைக்கு டாக்டரே வந்து சொல்லட்டும், எல்லோரும் ஆச்சரியப்படட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அப்பா கேட்டுக்கும் ரத்தம் எடுக்கிற அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். எட்டு மணி, எட்டரை, ஒன்பது.

"பசங்கள எட்டு மணிக்கே வரச் சொன்னேன். ஒருத்தனையும் காணோமே" என்றார்.

"வந்துடுவாங்கடா" என்றாள் அத்தை.

"நாலு பாட்டில் ரத்தம் குடுத்தாத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோவாங்க. நாலு பேரும் வரேன்னு வாக்கு குடுத்தானுங்களே."

பதற்றத்தில் அவர் தெலுங்கை மறந்து தமிழிலேயே பேசிவிட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாருடைய ரத்தமாக இருந்தாலும் நாலு பாட்டில் கொடுத்தால், அம்மாவுக்குப் பொருந்துகிற நாலு பாட்டிலைக் கொடுப்பார்கள் என்பதுதான் ஏற்பாடு. அந்த நாலு பேரையும் வேண்டாம் என்று அனுப்பியவள் நான். அப்போதும் ஒரு மனம், டாக்டர் இப்போது வந்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வந்தார். அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கன்னடத்தில், "ரக்த இல்லதே நானு கை இடல்ல" என்றார். ரத்தம் இல்லாமல் நான் கை வைக்கமாட்டேன். பன்னிரண்டரை வரை பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமைதான் என்றும் சொன்னார். அடுத்த திங்கள்வரை இந்த அம்மா தாங்குவார் என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். கன்னடத்தில் சொன்னதால் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அப்பா முதல் பாட்டிலைக் கொடுத்தார். முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே, அந்தப் பையன்களைத் தேடிப் பஸ் பிடிக்க ஓடினார். நானும் அத்தையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்குப் பச்சை அங்கி போட்டு, தலைமுடியை இரட்டைப் பின்னலாகப் பின்னி, கட்டுத்துணிக் கிழிசலால் முடிந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தாள்.

"அண்ணி, இவள மட்டும் பாத்துக்கோங்க" என்றாள் அம்மா.

"நீயே பாத்துக்குவ, பேசாம படு" என்றாள் அத்தை. அன்றைக்கு அவள் எதற்கும் முன்கூட்டி ஸ்தோத்திரம் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவளும் பயந்துபோயிருந்தாள்.

பத்தரை மணிக்கு அப்பா திரும்பி வந்தார். கூடவே எங்கள் சபையின் ஐயர். போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பா முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தையை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன். ஐயர் கொடுத்த அந்த மஞ்சள் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"இத யாருக்கா எழுதுனது?"

அத்தை அதை வாங்கி, கையை முழுதாக நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள். படிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு நொடிகூட இருக்காது.

"நான்தான்டா எழுதுனேன்" என்றாள்.

பொய்யே பேசாதவள். பால்காரனிடம் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னால்கூட மாட்டேன் என்று உள்ளே போய்விடுகிறவள்.

"ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா? பெட்டில போட்டுட்டு எதுவும் தெரியாத மாதிரி காலையிலேர்ந்து கூட உக்காந்திருக்க! மருந்து குடுக்காம மாமாவ மண்ணுல போட்ட, இப்ப இவளையும் போடணுமா?"

அது அநியாயம். மாமா மருந்தும் ஊசியுமாகக் கிடந்துதான் செத்தார், அத்தை சபை மாறியதெல்லாம் அதற்குப் பிறகு. அப்பாவுக்கும் அது தெரியும். அத்தை திருத்தவில்லை. ஐயர், "தம்பி, ஆஸ்பத்திரி இது, சத்தம் போடாதீங்க" என்று அப்பாவின் தோளைப் பிடித்தார். அப்பா கேட்கவில்லை.

"இனிமே என் வாசப்படி மிதிக்காத. போ."

அத்தை துணிப்பையை எடுத்துக்கொண்டாள். வராந்தாவில் நடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. அத்தையை விரட்டியவர் என்னையும் விரட்டினால் நான் எங்கே போவேன் என்று நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய் இரண்டாவது பாட்டிலைக் கொடுத்தார். பதினொன்றரைக்கு வாலிபர் சங்கத்து அண்ணன் மில் உடுப்போடு, தலையெல்லாம் பஞ்சாக ஓடி வந்தார். ஐயர் வருகிற வழியில் மில் கேட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மற்ற மூன்று பையன்களும் வேறு வேறு இடத்தில் வேலை, ஆள் அகப்படவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. மூன்றாவது பாட்டில்.

மணி பன்னிரண்டு. ஐயர் பஸ் நிறுத்தத்துக்குப் போய், நிற்கிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று ஜனங்கள் ஓடுவார்கள்; ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டேகாலுக்கு அப்பா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற அறைக்குப் போனார். தன்னிடமே இன்னொரு பாட்டில் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நால்கு ஆகோய்து, ஹோகி" என்றார். நாலும் ஆகிவிட்டது, போங்கள்.

"மூணுதானே சார்?"

"பிளி சீரெ அம்மா கொட்டு ஹோதரல்ல" என்றார்.

வெள்ளைச் சேலை அம்மா கொடுத்துவிட்டுப் போனார்களே. அப்பா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். தைலம்கூடத் தொடாதவள், விரட்டப்பட்ட பிறகு நேராக இந்த அறைக்கு வந்து கையை நீட்டியிருக்கிறாள். அதற்காக அவள் சபையில் என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஐயர் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்று சுருக்கமாக ஜெபம் செய்தார். பிறகு, ஒரு சாவு வீட்டில் அடக்க ஆராதனை இருக்கிறது என்று கிளம்பினார். அண்ணன் வேலைக்குத் திரும்பினார். நானும் அப்பாவும் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். வரவில்லை. நன்றி சொல்லவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அத்தை பையோடு நடந்துபோவது குறுக்கே வந்தது. நான் உண்மையைச் சொல்லாவிட்டால் அம்மா செத்துப்போவாள், சொன்னால் அப்பா என்னை விட்டுவிடுவார். என் பத்து வயதுக் கணக்கு அதுதான். கர்த்தர் அப்படியெல்லாம் பேரம் பேசுகிறவர் இல்லை என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. "எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தெரிந்து, அதுவரை நான் செய்த ஜெபங்களிலேயே உண்மையான ஜெபம் அது ஒன்றுதான்.

கண்ணைத் திறந்தேன்.

"அப்பா."

"ம்."

"அந்தச் சீட்ட அத்த எழுதல. நான் எழுதுனேன்."

"ஒனக்கு எங்க தமிழ் எழுத வரும்?"

பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. விரலால் அம்மாவின் பெயரை எழுதினேன். அப்பா எழுந்து வந்து பார்த்தார். அதே சாய்வு, அதே சுழி. அண்ணனிடம் வர வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

அவர் அடிக்கவில்லை. என் விரலில் இருந்த தூசியைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார்.

"நீ இங்கயே உக்காரு. எழுந்திரிக்காத. நான் போயி அவளக் கூட்டிட்டு வரேன்" என்றார். போனார், போகப் போக ஓட ஆரம்பித்தார்.

நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். சகோதரிகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். அம்மா உள்ளே இருந்தாள், பிழைப்பாளா என்று தெரியாது. அப்பா திரும்பி வந்து என்னை என்ன செய்வார் என்று தெரியாது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் மனசு ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேசாமல், என்னோடு சேர்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறையச் சாப்பிட்டேனே, அந்த நிம்மதி இல்லை இது. இது வந்தபோது எனக்குப் பசிக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"பெரியவங்க யாரும் இல்லியா?"

"நான் இருக்கேன்."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

"அம்மா சென்னாகிதாரெ. கட்டி எடுத்தாச்சு. அப்பா வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா நன்றாக இருக்கிறாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. முந்தின நாள் இதே சேதியை ஒரு சபைக்கே சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். இப்போது அது நிஜமாகவே நடந்திருக்கிறது, சொல்ல ஒருவரும் இல்லை. சொன்னாலும் என்னை யார் நம்புவார்கள்?

வராந்தாவின் கடைசியில் அப்பா வந்தார். ஒரு கையில் அத்தையின் துணிப்பை, இன்னொரு கையில் அத்தை. அப்பா வீடுவரை தேடிப் போய்விட்டு வந்தாராம், அவளால் அவ்வளவு தொலைவு போகவே முடியவில்லை. பின்பக்கக் கேட்டுக்கு வெளியே தலை சுற்றி விழப்போனவளை இளநீர்க்காரர் பிடித்துத் தன் பெட்டிமேல் உட்காரவைத்திருந்தாராம். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வெள்ளைச் சேலையில் ஒரு சொட்டு ரத்தம். அப்பா அழுதிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன்.

"அம்மா பொழச்சிட்டாங்க. கட்டிய எடுத்துட்டாங்களாம். நல்லா இருக்காங்களாம்."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே கதவைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

நர்ஸ் சொன்னாங்க என்று ரெண்டு வார்த்தை சொன்னால் போதும், அது வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இவதான் சொல்றாளே" என்றாள் அத்தை.

அப்பா கதவைத் தட்டப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அத்தை அவரோடு போகவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக என் பக்கத்தில் முழந்தாள் போட்டாள். அந்தக் கதவு திறப்பதற்கு முன்னால், நான் சொன்ன சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள்.